உங்களுக்குத் தெரியுமா? பெயரை மாற்றினாலும் பிடிபடும் கோப்புகள்

● கணினியில் ஒரு கோப்பின் பெயரை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. 'சம்பளப் பட்டியல்' என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே கடவுச்சொல் திருடும் நிரலை வைக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அதனால் கோப்புகளை ஆராய்வதே தொழிலாக இருப்பவர்கள் பெயரைவிட ஹாஷைத்தான் நம்புகிறார்கள். கோப்பில் இருக்கும் பைட்டுகளை முதலிலிருந்து கடைசி வரை ஒரு கணக்குக்குள் ஓட்டினால் வெளியே வந்து விழும் எண்தான் ஹாஷ். ஒரு வரிக் கடிதமானாலும் 5 ஜிபி இன்ஸ்டால் கோப்பானாலும் ஷா-256 முறையில் கிடைப்பது 256 பிட்தான். பதினாறடிமான முறையில் எழுதினால் 64 எழுத்து. ஷா-1 என்றால் 40, எம்டி5 என்றால் 32. தொழிலில் இருப்பவர்கள் நீளத்தைப் பார்த்தே எந்த முறை என்று சொல்லிவிடுவார்கள்.

● இதைச் சோதித்துப் பார்க்க எதையும் வாங்க வேண்டாம். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், லினக்ஸில் 'ஷா256சம்'. கோப்பின் பெயரை மாற்றுங்கள், வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், பென் டிரைவில் போட்டு அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். ஹாஷ் அசையாது. உள்ளே ஒரு புள்ளியை அழித்துவிட்டுப் பாருங்கள்: 256 பிட்டில் ஏறக்குறைய பாதி புரண்டிருக்கும். பழைய ஹாஷுக்கும் புதியதற்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது.

● ஒன்றுமே இல்லாத கோப்புக்கும் ஹாஷ் உண்டு. பூஜ்யம் பைட் கோப்பின் எம்டி5 எப்போதும் 'டி-4-1-டி-8-சி-டி-9-8' என்றுதான் தொடங்கும்; ஷா-256 'ஈ-3-பி-0-சி-4-4-2' என்று. சர்வர் பதிவேடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இந்த இரண்டும் மனப்பாடம். புதிதாக இறங்கிய மென்பொருளின் ஹாஷ் இப்படித் தொடங்கினால் மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை. டவுன்லோடு நடக்கவே இல்லை, வெறும் பெயர்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

● அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊர். அங்கே நிஸ்ட் எனப்படும் அரசின் தரநிர்ணய நிறுவனம் ஒரு நூலகம் வைத்திருக்கிறது. தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகம் என்று பெயர். அலமாரிகளில் புத்தகங்களுக்குப் பதில் மென்பொருள் பெட்டிகள்: பழைய ஃப்ளாப்பி, சிடி, டிவிடி, இப்போது டவுன்லோடாக வருபவையும். ஆனால் யாரும் இங்கே வந்து எதையும் இரவல் வாங்க முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, அதற்குள் இருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எடுத்து, 'இந்த ஹாஷ் என்றால் இந்த நிறுவனத்தின் இந்த மென்பொருளின் இந்தப் பதிப்பில் வரும் இந்தக் கோப்பு' என்று பட்டியல் போடுவதுதான் வேலை. அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இதனால் யாருக்கு என்ன பயன்? காவல்துறை ஒரு லேப்டாப்பைக் கைப்பற்றுகிறது என்று வையுங்கள். விண்டோஸோடு கூட வரும் கோப்புகளே லட்சத்தைத் தாண்டும். அச்சுப்பொறிக்கான டிரைவர், எழுத்துரு, படக்குறிகள், உதவிப் பக்கங்கள் என்று உலகத்தில் கோடிக்கணக்கான கணினிகளில் அப்படியே இருப்பவை அவை. தடயவியல் ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வழக்கு முடியாது. டிஸ்கில் உள்ள எல்லாக் கோப்புக்கும் ஹாஷ் எடுத்து, நிஸ்ட் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் ஊரறிந்த கோப்புகள் எல்லாம் முறத்தில் புடைத்த உமி மாதிரி பறந்துவிடும். மிச்சமிருப்பதுதான் அந்த ஆளுடைய கடிதம், படம், கணக்கு, அவர் ஒளித்துவைத்தவை.

● அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் நல்ல கோப்பு என்று நினைத்தால் அது தவறு. படத்துக்குள் ரகசியச் செய்தி ஒளிக்கும் கருவிகள், ஊடுருவலுக்குப் பயன்படும் நிரல்கள் ஆகியவையும் அதில் உண்டு. எங்கிருந்து வந்தது என்று தெரிந்த கோப்பு, அவ்வளவுதான். நல்லது கெட்டது என்று நிஸ்ட் தீர்ப்பு சொல்வதில்லை. அப்படி ஒதுங்கி நிற்பதுதான் சரி என்பது என் கட்சி. ஒரே ஊடுருவல் நிரல், நிறுவன நெட்வொர்க்கைச் சோதிக்கும் ஊழியரின் கணினியில் இருந்தால் வேலைக் கருவி, கணக்குப்பிள்ளையின் கணினியில் இருந்தால் சந்தேகத்துக்குரியது. இந்த வித்தியாசம் எந்த ஹாஷிலும் எழுதியிருக்காது.

● இதே நூலகம் பழைய கணினி விளையாட்டுகளுக்கும் காவலாக நின்றிருக்கிறது. ஸ்டீஃபன் கேப்ரினெட்டி என்பவர் சின்ன வயதிலிருந்தே விளையாட்டு மென்பொருட்களைப் பெட்டி பிரிக்காமல் சேர்த்துவந்தவர். 1995-ல் அவர் காலமான பிறகு சுமார் 15,000 உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஃப்ளாப்பியில் உள்ள காந்தப் பூச்சு நாளாக ஆக உதிர்ந்துவிடும். அதற்குள் நகல் எடுத்து வைக்க ஸ்டான்ஃபோர்டும் நிஸ்டும் கைகோத்தன. குற்றவாளியின் டிஸ்கை ஆராயச் செய்த ஏற்பாடு பழைய விளையாட்டுகளையும் காப்பாற்றியது.

● இந்த யோசனை நிஸ்டோடு பிறந்ததல்ல. 1996-லேயே அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் உளவு மையம் 'ஹாஷ்கீப்பர்' என்ற பட்டியலைத் தொடங்கிவிட்டது. கைப்பற்றிய கணினி ஒவ்வொன்றிலும் அதே விண்டோஸ் கோப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்தவர்கள் செய்த வேலை அது.

● லக்ஸம்பர்க் சின்னஞ்சிறு நாடு. அங்குள்ள சிர்க்கிள் என்ற இணையப் பாதுகாப்பு மையம் 'ஹாஷ்லுக்கப்' என்ற சேவையை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஹாஷைக் கொடுத்தால், தெரிந்த கோப்பா இல்லையா, எந்த மென்பொருளில் அல்லது எந்த லினக்ஸ் பேக்கேஜில் வருவது என்று பதில் வரும். நிஸ்ட் பட்டியலோடு பல லினக்ஸ் வெளியீடுகளின் பேக்கேஜ் கோப்புகளும் இதில் சேர்ந்திருக்கின்றன.

இணையமே இல்லாத ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: முழுப் பட்டியலையும் ப்ளூம் ஃபில்டர் என்ற சுருக்கமான வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். 1970-ல் பர்ட்டன் ப்ளூம் என்பவர் கண்டுபிடித்த உத்தி இது. அது 'இல்லை' என்று சொன்னால் சத்தியமாக இல்லை. 'இருக்கிறது' என்று சொன்னால் அநேகமாக இருக்கிறது. எப்போதாவது ஒரு முறை தப்பு. தடயவியலுக்கு இந்தத் தப்பு கொஞ்சம் கசப்பான பக்கத்தில் விழுகிறது. யாரும் பார்த்திராத கோப்பு ஒன்று, தெரிந்த கோப்பு என்று ஒதுக்கப்பட்டுவிடக் கூடும். அதனால் வழக்கில் முக்கியமான டிஸ்க் என்றால் ப்ளூம் ஃபில்டர் ஒதுக்கியதை முழுப் பட்டியலோடு இன்னொரு தரம் ஒத்துப்பார்ப்பது நல்லது.

● ரெட் ஹாட், ஃபெடோரா லினக்ஸ்களில் 'ஆர்பிஎம்' என்ற கட்டளையிடம், இன்ஸ்டால் செய்த கோப்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று கேட்கலாம். ஏதாவது மாறியிருந்தால் புள்ளிகளுக்கு நடுவே சில குறிகளைக் காட்டும்: எஸ் என்றால் அளவு மாறியிருக்கிறது, டி என்றால் நேரம் மாறியிருக்கிறது, 5 என்றால் ஹாஷ் மாறியிருக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே ஏன் ஒரு எண்? அந்தக் காலத்தில் ஒத்துப்பார்க்கப் பயன்பட்டது எம்டி5. அதை எப்போதோ கைவிட்டு வேறு முறைக்குப் போய்விட்டார்கள். 5 மட்டும் போகவில்லை.

● டெபியன் லினக்ஸிலும் இதே வசதி உண்டு. ஒவ்வொரு பேக்கேஜும் தன் கோப்புகளின் எம்டி5 பட்டியலைக் கணினியில் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகும். 'டெப்சம்ஸ்' என்ற கருவி அதை ஒத்துப்பார்க்கும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியது என்பதால் அதற்கும் இது பொருந்தும். ஆனால் ஒன்று: கணினிக்குள் முழு அதிகாரத்தோடு நுழைந்துவிட்ட திருடனுக்கு அந்தப் பட்டியலையும் திருத்தத் தெரியும். தற்செயலாகக் கெட்டுப்போன கோப்பைக் கண்டுபிடிக்க இது நல்ல கருவி. வேண்டுமென்றே மாற்றியதைக் கண்டுபிடிக்க வெளியே பத்திரமாக இருக்கும் பட்டியல்தான் வேண்டும்.

● டெபியன் பேக்கேஜுகளைப் பூட்டுக்குறி இல்லாத சாதாரண ஹெச்டிடிபி வழியாக இறக்கினாலும் ஆபத்தில்லை என்றால் பலர் நம்புவதில்லை. டெபியன்காரர்கள் கையொப்பமிடுவது ஒரே ஒரு சின்னக் கோப்பில். அதில் பேக்கேஜ் பட்டியலின் ஹாஷ் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் இருக்கிறது. வழியில் யார் எந்த பேக்கேஜில் கை வைத்தாலும் ஹாஷ் ஒத்துப்போகாது, இன்ஸ்டால் நின்றுவிடும். நீங்கள் என்ன இறக்குகிறீர்கள் என்பதை வழியில் இருப்பவர் பார்க்கலாம், மாற்ற முடியாது.

● 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்தார்கள். 17.3 சினமன் பதிப்பின் டவுன்லோடு இணைப்பை மட்டும், பல்கேரியாவில் வைத்திருந்த திருட்டு நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதில் பின்கதவு வைத்திருந்தது. விஷயம் தெரிந்ததும் மின்ட் குழுவினர் சரியான எம்டி5 எண்களை வெளியிட்டு, இறக்கியவர்கள் எல்லோரும் ஒத்துப்பார்க்கச் சொன்னார்கள். நல்ல வேலைதான். ஆனால் கோப்பும் அதன் ஹாஷும் ஒரே தளத்தில் இருந்தால், தளத்துக்குள் புகுந்தவன் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவான். கையொப்பம் இல்லாத ஹாஷ் டவுன்லோடு பாதியில் அறுந்ததா என்று பார்க்கத்தான் உதவும். திருடனுக்கு அது பூட்டாகாது.

● எம்டி5 உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ரான் ரிவெஸ்ட் வடிவமைத்து 1992-ல் வெளியான இந்த முறையில், ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை 2004-ல் சீனக் கணிதவியலாளர் வாங் ஷியாவ்யுன் குழுவினர் காட்டிவிட்டார்கள். 2008 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுமார் 200 பிளேஸ்டேஷன்-3 விளையாட்டுப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டி, பிரவுசர்கள் நம்பக்கூடிய போலிச் சான்றிதழ் ஒன்றையே உண்டாக்கினார்கள். அது ஆராய்ச்சியாளர்கள் எச்சரிப்பதற்காகச் செய்தது. 2012-ல் மேற்கு ஆசியாவில் சிக்கிய ஃப்ளேம் என்ற உளவு நிரல் எச்சரிக்கவெல்லாம் வரவில்லை. எம்டி5-இன் இதே ஓட்டையை வைத்து மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் போலியாகப் போட்டுக்கொண்டு, விண்டோஸ் அப்டேட் வேடத்தில் கணினிகளுக்குள் நுழைந்தது.

அப்படியானால் எம்டி5 வைத்துப் போட்ட பழைய பட்டியல்கள் எல்லாம் குப்பையா? இல்லை. ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு கோப்புகளை நானே புதிதாகச் செய்வது வேறு. ஏற்கெனவே வெளியாகிவிட்ட மைக்ரோசாஃப்ட் கோப்பு ஒன்றின் ஹாஷுக்குப் பொருந்தும்படி இன்னொரு கோப்பைச் செய்வது வேறு. முன்னது இன்று சாதாரண லேப்டாப்பிலேயே முடியும். பின்னதை எம்டி5-க்குக்கூட இன்றுவரை யாரும் நடைமுறையில் செய்து காட்டவில்லை. ஆகவே 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கோப்பு எம்டி5-இல் பொருந்தினால் அது அந்தக் கோப்புதான்.

பயப்பட வேண்டியது வேறு சூழ்ச்சிக்கு. ஒருவன் ஒரே எம்டி5 வரும் இரட்டைக் கோப்புகளைத் தயார் செய்கிறான்: ஒன்று சாது, ஒன்று விஷம். சாதுவை மென்பொருளாக வெளியிட்டுத் 'தெரிந்த கோப்பு' பட்டியலில் ஏறவிடுகிறான். பிறகு விஷத்தை இறக்குகிறான். பட்டியல் அதைத் தெரிந்த முகம் என்று வரவேற்கும். புதிய பட்டியல்கள் ஷா-256-ஐயும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். இரண்டு முறைகளிலும் ஒரே நேரத்தில் பொருந்தும் இரட்டையைச் செய்ய இன்று யாருக்கும் வழி தெரியாது.

● ஷா-1-இன் கதை 2017 பிப்ரவரி 23 அன்று முடிந்தது. ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. ஒன்றில் பட்டை நீலம், மற்றதில் சிவப்பு. ஷா-1 மட்டும் ஒன்றே. இதற்கு ஆன கணக்கு, ஒற்றை சிபியு என்றால் 6,500 ஆண்டு வேலையும் ஒற்றை ஜிபியு என்றால் 110 ஆண்டு வேலையும் சேர்ந்தது.

வேடிக்கை அடுத்த நாள் நடந்தது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசருக்கு அடிப்படையான வெப்கிட் திட்டத்தில், இந்தத் தாக்குதலைச் சோதித்துப்பார்க்கலாமே என்று ஒருவர் அந்த இரண்டு பிடிஎஃப்களையும் மூலநிரல் களஞ்சியத்தில் ஏற்றினார். அங்கே இருந்தது சப்வெர்ஷன் என்ற களஞ்சிய மென்பொருள். ஒரே ஷா-1 என்றால் ஒரே கோப்பு, ஒரு நகல் போதும் என்பது அதன் நம்பிக்கை. களஞ்சியமே குழம்பி நின்றுவிட்டது.

● அதே இரண்டு பிடிஎஃப்களைக் கிட் என்ற இன்னொரு களஞ்சிய மென்பொருளில் ஏற்றினால் ஒன்றும் ஆகாது. கிட்டும் ஷா-1-ஐத்தான் நம்பியிருந்தது. ஆனால் ஹாஷ் போடும் முன்பு 'ப்ளாப்' என்ற சொல்லையும் கோப்பின் நீளத்தையும் முன்னால் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சின்ன ஒட்டு, அந்த ஜோடியின் பொருத்தத்தைக் கெடுத்துவிடுகிறது. இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது: ஒரே கோப்புக்குக் கிட் சொல்லும் ஷா-1 வேறு, 'ஷா1சம்' சொல்வது வேறு. இரண்டு பட்டியல்களை ஒத்துப்பார்த்து 'ஒன்றுகூடப் பொருந்தவில்லையே' என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

● பாரிஸில் 2016-ல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், உலகில் வெளிப்படையாகக் கிடைக்கும் மூலநிரல் அத்தனையையும் சேர்க்கும் ஆவணக் காப்பகம். அதில் ஒரு கோப்பின் அடையாளமே அதன் ஹாஷ்தான். ஒரே உரிமத்தின் உரையை லட்சம் திட்டங்கள் நகலெடுத்து வைத்திருந்தாலும் காப்பகத்தில் அது ஒரே ஒரு உருப்படி.

● தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பொறி. 'கொடி' என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி வருவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வருவது இன்னொரு விதம். திரையிலும் அச்சிலும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. யூடிஎஃப்-8-இல் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். ஹாஷ் சுத்தமாக வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதி. ஒரே தமிழ்க் கட்டுரையின் இரண்டு நகல்களுக்கு ஹாஷ் மாறினால் யாரோ திருத்திவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன், இடையில் எந்தக் கருவி வழியாக அது வந்தது என்று விசாரித்துவிடுங்கள். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு பைட், லினக்ஸில் ஒன்று என்பதும் இதே வகைத் தொல்லை.

● ஆன்ட்டி-வைரஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படுவது ஐகார் சோதனைக் கோப்பு. 68 பைட், யாருக்கும் தீங்கில்லை, ஆனால் எல்லா ஆன்ட்டி-வைரஸும் அதைக் கண்டதும் கத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன் எம்டி5 '4-4-டி-8-8-6-1-2' என்று தொடங்கும். அதை எடிட்டரில் ஒட்டிச் சேமிக்கும்போது, பல எடிட்டர்கள் கடைசியில் ஒரு வரி முடிவைச் சேர்த்துவிடும். லினக்ஸில் என்றால் இப்போது 69 பைட். ஆன்ட்டி-வைரஸ் அப்போதும் கத்தும். ஹாஷ் பட்டியல் மட்டும் 'இவர் யாரென்றே தெரியாது' என்று கைவிரித்துவிடும்.

வைரஸ் எழுதுபவர்களுக்கு இது கைவந்த கலை. ஆளுக்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு பைட் மாற்றம். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரிடமும் புது ஹாஷ். இதற்கு மருந்தாக 2006-ல் ஜெஸ்ஸி கோர்ன்ப்ளம் 'எஸ்எஸ்டீப்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். கோப்பைத் துண்டு துண்டாக்கி ஹாஷ் போட்டு, இரண்டு கோப்பும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். அதன் வேர், சம்பா மென்பொருளை எழுதிய ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் குப்பை மின்னஞ்சலைப் பிடிக்கச் செய்த ஒரு நிரல்.

● வைரஸ்டோட்டல் 2004-ல் ஸ்பெயினின் மலாகா நகரில் தொடங்கியது. 2012-ல் கூகுள் வாங்கிக்கொண்டது. சந்தேகமான கோப்பை அங்கே ஏற்றினால் பல ஆன்ட்டி-வைரஸ்களின் தீர்ப்பு ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் ஏற்றிய கோப்பை அங்கு சந்தா கட்டியவர்களும் இறக்கிப் பார்க்க முடியும். அலுவலகத்துக்கு வந்த 'டெண்டர் ஆவணம்' உண்மையிலேயே டெண்டர் ஆவணமாக இருந்துவிட்டால்? முதலில் ஹாஷை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஏற்கெனவே தெரிந்த கோப்பு என்றால் பதில் வந்துவிடும். தெரியாததென்றால் உங்கள் கோப்பு உங்களிடமே இருக்கும்.

● 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது உலகெங்கும் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரே கேள்வி: 'அது நம்மிடம் இருக்கிறதா?' ஜாவா மென்பொருட்களில் பதிவேடு எழுதும் ஒரு சின்ன நூலகம் அது. யார் யார் அதை உள்ளே வைத்து விற்றிருக்கிறார்கள் என்று வாங்கியவர்களுக்கே தெரியாது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பதிப்பின் ஹாஷையும் பலர் பட்டியலாக வெளியிட்டார்கள். டிஸ்க் முழுக்கத் தேடி ஒத்துப்பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

வேலை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஜாவாக்காரர்கள் ஜார் எனப்படும் பல பொட்டலக் கோப்புகளைப் பிரித்துக் கொட்டி ஒரே பெரிய ஜாராகக் கட்டுவது வழக்கம். கட்டிய பிறகு வெளி ஜாரின் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதனால் ஜாரைப் பிரித்து உள்ளே இருக்கும் 'ஜேஎன்டிஐலுக்கப்' என்ற கிளாஸ் கோப்பின் ஹாஷை ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார்கள். இன்னும் சிலர் கட்டும்போது உள்பெயர்களையே மாற்றிவைத்திருந்தார்கள். அங்கே கிளாஸ் கோப்பின் பைட்டுகளும் மாறி, ஹாஷ் தோற்றது. பெயரை நம்பித் தேடியவர்களும் தவறவிட்டார்கள், ஹாஷை நம்பித் தேடியவர்களும் தவறவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துத் தேடியவர்களுக்குத்தான் அந்த கிறிஸ்துமஸ் கொஞ்சமாவது நிம்மதியாகப் போயிருக்கும்.

● ஒரு கோப்பை ஜிஜிப் செய்தால், சுருக்கிய கோப்பின் தலைப்பகுதியில் 4 பைட்டில் மூலக் கோப்பின் தேதியும் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளடக்கம் ஒன்றே, தேதி வேறு என்றால் ஹாஷும் வேறு. ஒரே மூலநிரலை யார் எப்போது கட்டினாலும் ஒரே ஹாஷ் வர வேண்டும் என்று டெபியன் 2013-லிருந்து மல்லுக்கட்டுவது இப்படிப்பட்ட தேதி, ஃபோல்டர் பெயர், கோப்பு வரிசை போன்ற சில்லறை விஷயங்களோடுதான்.

● 2023 ஜனவரி கடைசியில், மூலநிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளம், தான் தானாகவே தயாரித்துத் தரும் சுருக்கக் கோப்புகளைச் சுருக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றியது. உள்ளே இருந்த மூலநிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சுருக்கிய கோப்பின் ஹாஷ் மாறிவிட்டது. அந்த ஹாஷை எழுதிவைத்து நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் உலகெங்கும் கட்டமுடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் கிட்ஹப் பழைய முறைக்கே திரும்பியது.

● ஹாஷ் சரியாகப் பொருந்தியும் கோப்பு விஷமாக இருந்த கதை 2024-ல் நடந்தது. எக்ஸ்ஸெட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு. மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தியவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்ற எரிச்சலில் தோண்டப்போய்க் கண்டுபிடித்தது. எல்லா இடத்திலும் ஹாஷ் ஒத்துப்போனது, கையொப்பமும் ஒத்துப்போனது. ஏனென்றால் விஷத்தை வைத்தவரே அந்தத் திட்டத்தின் பொறுப்பாளராக உட்கார்ந்திருந்தார். பொதுக் களஞ்சியத்தில் இல்லாத ஒரு கோப்பு, வெளியிட்ட பொட்டலத்தில் மட்டும் இருந்தது. இரண்டையும் கோப்பு கோப்பாக ஒத்துப்பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கலாம். அதைப் பார்க்கும் வழக்கம்தான் அப்போது பலருக்கும் இருக்கவில்லை.

● தன் எம்டி5-ஐத் தானே தனக்குள் அச்சிட்டுக் காட்டும் பிடிஎஃப் கோப்பு உண்டு. 2017-ல் ஹேக்கர்களுக்கான இதழ் ஒன்றின் முழு வெளியீடே அப்படி வந்தது. அந்தப் பிடிஎஃப்பை அப்படியே நின்டெண்டோ விளையாட்டாக ஓட்டினாலும் அதே எண் திரையில் வரும்.

● 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுப்பவர் ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்பை எழுத இடமும், எந்த முறையில் எடுத்தது என்று குறிக்க ஷா-1, ஷா-256, எம்டி5, மற்றவை என்ற பெட்டிகளும் உண்டு. இரண்டு பாகம், ஒன்றை ஆவணம் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர். எம்டி5 பெட்டி அங்கே இன்னும் இருப்பது எனக்கு ஆச்சரியம்தான். வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது கேட்டால் ஷா-256-ஐயும் சேர்த்து எழுதச் சொல்வேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு எம்டி5 உடைந்த 2004-ஆம் ஆண்டுக் கதை தெரிந்திருந்தால் வீண் வாதம் மிச்சம்.

கைப்பற்றிய எஸ்எஸ்டியின் முழு டிஸ்க் ஹாஷ் அடுத்த வாரம் எடுத்தால் மாறியிருக்கலாம் என்பதையும் அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். யாரும் தொடாமலேயே, மின்சாரம் கொடுத்ததும் அந்த டிஸ்க் அழிக்கப்பட்ட பகுதிகளைத் தானாகத் துடைத்துக்கொள்ளத் தொடங்கும். உள்ளே இருக்கும் கோப்புகளின் ஹாஷ் மாறாது. டிஸ்கின் ஹாஷ் மாறும். முதல் நாளே நகல் எடுத்து, அந்த நகலின் ஹாஷைப் படிவத்தில் எழுதிவிட்டால் இந்தத் தகராறு எழாது.